அக்காள் ஊருக்கு எத்தனை கிலோமீட்டர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் கனடா நாட்டின் வடகோடியில் இனுவிக் என்னும் ஊரில் செவிலியராக இருக்கிறாள். என் மகன் யெல்லோநைஃப் என்னும் ஊரில் கணினி வேலையில் இருக்கிறான். இரண்டு ஊரும் ஒரே ஆட்சிப்பகுதிக்குள் இருக்கின்றன. மகன் இருப்பதுதான் அதற்குத் தலைநகரம் என்கிறார்கள். மகளுக்கு வைகாசியில் கல்யாணம் முடிந்தது. தலைதீபாவளிக்கு நாங்கள் போக முடியாத நிலையில், தம்பி முறைக்கு அவனாவது வேட்டி சேலையும் பலகாரமும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரட்டும் என்று சொன்னேன். "காரில் போக முடியாதம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். படத்தில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் இடையில் ஒரு விரற்கடைதான் இருக்கிறது. அவன் சோம்பல்பட்டுக்கொண்டு சொல்கிறானா? (கல்லிடைக்குறிச்சி வாசகி, பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: அம்மா, தங்கள் மகன் சொல்வது முழுக்க உண்மை. அவர்மேல் தாங்கள் சிறிதும் வருத்தப்பட வேண்டாம். யெல்லோநைஃபிலிருந்து இனுவிக்குக்கு வானில் கயிறு பிடித்தாற்போல் ஒரு கோடு போட்டால் அதன் நீளம் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து ஐதராபாத்துக்கு இதேபோல் கோடு போட்டால் 970 கிலோமீட்டர் அளவு வரும் என்பதால், அதைவிடச் சற்றுக் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தங்கள் மகன் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டால் அக்காள் வீட்டு வாசலில் இறங்குவதற்கு ஏறத்தாழ 3,100 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்குச் சாலைவழியே போனால்கூட 2,800 கிலோமீட்டர் அளவுதான்.

ஒரே ஆட்சிப்பகுதிக்குள் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு இடையே இப்படி ஒரு கணக்கு எப்படி வந்தது என்று தாங்கள் கேட்பது நியாயமே. அதற்கு விடை தங்கள் வீட்டு மாடியிலிருந்தே தெரிகிறது. மேற்கே பார்த்தால் நிற்கிற பொதிகைக்கு அந்தப் பக்கம்தான் திருவனந்தபுரம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து நேர்கோட்டில் அது அறுபது கிலோமீட்டர் அளவே. ஆனால் அனந்தசயனப் பெருமாளைச் சேவிக்கப் புறப்படுகிறவர்கள் ஒன்று தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயில் ஏறி இறங்க வேண்டும். அல்லது தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவிலைச் சுற்ற வேண்டும். எந்த வழியாகப் போனாலும் அறுபது கிலோமீட்டர் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. நடுவில் 1,868 மீட்டர் உயர அகத்தியமலை நிற்கும்போது அதைத் தவிர வேறு வழியில்லை. யெல்லோநைஃபுக்கும் இனுவிக்குக்கும் நடுவிலோ ஒரு மலை மட்டுமல்ல. ஒரு பெரிய மலைத்தொடர், நம் தமிழ்நாட்டின் பரப்பில் கால்வாசிக்கு நெருங்கும் கிரேட் பேர் ஏரி, அளவில்லாத சதுப்பு, ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் மண் ஆகியவை எல்லாம் கிடக்கின்றன. வடமேற்கு ஆட்சிப்பகுதி என்று பெயர் கொண்ட அந்த நிலம் பத்துத் தமிழ்நாடுகளின் பரப்பு உடையது. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் மொத்தமே 41,000 பேர். அவர்களில் பாதிப்பேர் தங்கள் மகன் இருக்கும் யெல்லோநைஃபில் இருக்கிறார்கள். இனுவிக்கில் இருப்பவர்கள் 3,100 பேர் அளவுதான்.

சாலை போகும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அப்போதுதான் மகனின் ஒற்றை வார்த்தைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது தங்களுக்குப் புரியும். இனுவிக் இருப்பது வடமேற்கே. யெல்லோநைஃபிலிருந்து புறப்படும் வண்டியோ கிரேட் சிலேவ் ஏரியின் கைபோல் நீண்ட வடக்குக் கிளையைச் சுற்றியதும், அந்தத் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தென்மேற்கே போகிறது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போன பிறகு, ஃபோர்ட் பிராவிடன்ஸ் அருகே மெக்கன்சி ஆறு குறுக்கிடுகிறது. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேர்வதற்குள் ஓடும் தூரம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். மெக்கன்சி ஓடுவதோ 1,738 கிலோமீட்டர். அதன் குறுக்கே 1,045 மீட்டர் நீளத்தில் கட்டப்பட்ட டே சோ பாலம் 2012 நவம்பர் 30 அன்றுதான் திறக்கப்பட்டது. அதற்கு முன் கோடையில் படகிலும் பனிக்காலத்தில் உறைந்த ஆற்றின்மேலும் வண்டிகள் கடந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் அந்தத் தலைநகரமே சாலைத் தொடர்பு இல்லாமல் இருந்தது.

பாலத்தைக் கடந்த வண்டி மேற்கே திரும்பி, லியர்ட் நெடுஞ்சாலை வழியாகத் தெற்கே இறங்கி, ஆட்சிப்பகுதியை விட்டே வெளியேறி, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்குள் போய் அலாஸ்கா நெடுஞ்சாலையைப் பிடிக்கிறது. அங்கிருந்து மலைகளுக்கு நடுவே மேற்கே ஏறி, யூக்கான் பகுதிக்குள் வாட்சன் லேக், வைட்ஹார்ஸ் ஆகிய ஊர்களைத் தாண்டி, டாசன் சிட்டிக்கு 40 கிலோமீட்டர் முன்பாக வடக்கே திரும்புகிறது. இந்த முனையை அடையும்போதே 2,370 கிலோமீட்டர் அளவு ஓடியிருக்கும். அதற்கு மேல் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை என்னும் சரளைச் சாலையில் இன்னும் 736 கிலோமீட்டர் போனால்தான் இனுவிக். அந்தச் சாலையின் முதல் 369 கிலோமீட்டரில், அதாவது நாம் நெல்லையிலிருந்து கோயம்புத்தூர் போகிற அளவு தூரத்தில், பெட்ரோல் போட ஓர் இடம் கிடையாது. ஈகிள் பிளெய்ன்ஸ் என்னும் தங்குமிடத்தில்தான் முதல் பெட்ரோல். அங்கிருந்து 36 கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்க வேண்டும். நாளுக்கு ஒன்பது மணி நேரம் ஓட்டினாலும் மொத்தப் பயணம் ஐந்து நாள் ஆகும். திரும்பி வர ஐந்து நாள். பலகாரம் கொடுத்துவிட்டு வருவதற்குப் பத்து நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் தாண்டி இன்னொரு காரணம் இருக்கிறது. தங்கள் மகன் "முடியாது" என்று சொன்னதற்கு அதுவே உண்மையான காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். டெம்ப்ஸ்டர் சாலையில் பீல் ஆறு, மெக்கன்சி ஆறு என்று இரண்டு ஆறுகளைக் கடக்க வேண்டும். இரண்டிலும் பாலம் இல்லை. கோடையில் வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகுகள் ஓடுகின்றன. பனிக்காலத்தில் ஆறு இறுகியபின் அதன்மேலேயே வண்டிகள் போகின்றன. ஆனால் அக்டோபர் பிற்பகுதியில் ஆற்றில் பனிக்கட்டி மிதக்கத் தொடங்கும்போது படகை நிறுத்திவிடுவார்கள். வண்டியைத் தாங்கும் அளவுக்குப் பனி இறுகுவதற்கு நவம்பர் முடியும், சில ஆண்டுகளில் டிசம்பரும் பிறந்துவிடும். இடைப்பட்ட வாரங்களில் இனுவிக்குக்குத் தரைவழியே யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது. நம் ஐப்பசித் தீபாவளி பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் வந்து விழுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருவைகுண்டம் தனித்தீவாகிப்போனதும், ரயிலில் வந்தவர்கள் அந்த நிலையத்திலேயே மாட்டிக்கொண்டதும் தங்களுக்கு நினைவிருக்கும். முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த நெல்லையிலிருந்து ஒரு பால் பாக்கெட்டைக்கூடத் தரைவழியே கொண்டு போக முடியாமல் போனதே, அதுபோன்ற நிலை இனுவிக்குக்கு ஆண்டில் இரண்டு முறை, உறையும்போது ஒரு தடவையும் உருகும்போது ஒரு தடவையும், நாள் குறித்தாற்போல் வருகிறது.

எனவே தலைதீபாவளிச் சீர் விமானத்தில்தான் போக வேண்டும். நேராகப் பறந்தால் இரண்டு மணி நேர அளவுதான். நார்மன் வெல்ஸ் என்னும் ஊரில் இறங்கி ஏறுகிற விமானமாக இருந்தாலும் கவலையில்லை. யெல்லோநைஃபிலிருந்து அந்த ஊர் 680 கிலோமீட்டர், அங்கிருந்து இனுவிக் 460 கிலோமீட்டர் என்று கூட்டிப் பார்த்தால் 1,140 தான் வருகிறது. நேர்கோட்டைவிட நாற்பது கிலோமீட்டர் மட்டுமே அதிகம். சாலைக்கும் விமானத்துக்கும் உள்ள வேறுபாடு இதில் நன்றாகத் தெரிகிறது: விமானம் வழியில் ஓர் ஊரைத் தொட்டுச் சென்றாலும் கோட்டை விட்டு அதிகம் விலகுவதில்லை.

காரில்தான் போக வேண்டும் என்று மகனுக்கு ஆசை இருந்தால், பொங்கலுக்குப் போகலாம். அப்போது இரண்டு ஆறுகளும் நன்றாக இறுகியிருக்கும். இனுவிக்கில் டிசம்பர் முதல் வாரம் மறையும் சூரியன் ஏறத்தாழ முப்பது நாள் தலைகாட்டுவதில்லை. ஜனவரி முதல் வாரத்தில்தான் மறுபடி எழுகிறது. தை பிறக்கும் நாளில் அது அடிவானத்துக்குமேல் சிறிது நேரமே நிற்கும் என்றாலும், அந்த வெளிச்சத்தில் தங்கள் மகள் பொங்கல் பானையை இறக்கிவைக்க முடியும்.

கேள்வி: சென்ற இதழில் தாங்கள் வடபகுதி ஊர்களின் தூரங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் மாணவர்களை நூல் வைத்து அளக்கச் சொன்னேன். கனடாவில் யெல்லோநைஃபுக்கும் இனுவிக்குக்கும் இடையே அளந்து, நிலநடுக்கோட்டுக்குத் தந்திருக்கும் அளவுகோலால் பெருக்கினால் 2,700 கிலோமீட்டர் வந்தது. இணையத்தில் விமானத் தூரம் 1,100 என்று இருக்கிறது. பிள்ளைகள் தவறாக அளந்துவிட்டார்களா? (ஓர் ஆசிரியை, சேரன்மகாதேவி)

பதில்: பிள்ளைகள் சரியாகவே அளந்திருக்கிறார்கள். அவர்களைப் பாராட்டுங்கள்; நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்தப் படத்தில் 2,675 கிலோமீட்டர்தான் வர வேண்டும். நூல்பிடித்த கை அவ்வளவு சுத்தமாக அளந்திருக்கிறது. தவறு படத்தில் இருக்கிறது. தவறு என்பதைவிட, அந்தப் படம் வேறொரு வேலைக்காகச் செய்யப்பட்டது என்பதே பொருத்தம்.

தங்கள் பள்ளியில் தொங்குவது மெர்கேட்டர் முறையில் வரைந்த படம். 1569-இல் மெர்கேட்டர் இதை வரைந்தது மாலுமிகளுக்காக. திசைகாட்டியில் ஒரே திசையை வைத்துக்கொண்டு போகும் கப்பலின் பாதை படத்தில் நேர்கோடாக விழ வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அதற்காக அவர் ஒரு விலை கொடுத்தார். உருண்டையான பூமியில் தீர்க்கரேகைகள் வடக்கே போகப்போக நெருங்கி, துருவத்தில் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. திருநெல்வேலியில் ஒரு பாகை தீர்க்கரேகைக்கும் அடுத்த பாகைக்கும் இடையே 110 கிலோமீட்டர். இனுவிக்கில் அதே ஒரு பாகை 41 கிலோமீட்டர்தான். மெர்கேட்டர் படத்திலோ அந்த ரேகைகள் மேலிருந்து கீழ்வரை ஒன்றுக்கொன்று இணையாகவே நிற்கின்றன. அதாவது 41 கிலோமீட்டரை இழுத்து 110 கிலோமீட்டர் இடத்தில் விரித்திருக்கிறார்கள். இடவலமாக இழுத்ததற்கு ஏற்ப மேல்கீழாகவும் இழுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் திசை கெட்டுவிடும். ஆகவே நம் ஊர் இருக்கும் அட்சரேகையில் இந்தப் படத்தின் பிழை நூற்றுக்கு ஒன்று அளவே என்றாலும், யெல்லோநைஃபில் 2.2 மடங்கும் இனுவிக்கில் 2.7 மடங்கும் ஆகிவிடுகிறது. இதே படத்தில் கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரிவதைப் பிள்ளைகள் கவனித்திருப்பார்கள். உண்மையில் இந்தியாதான் பெரிது, ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

பாளையங்கோட்டையில் நான் புவியியல் ஆசிரியராக இருந்த காலத்தில் இந்தப் பாடத்துக்கு ஓர் உலக உருண்டையையும் ஒரு தையல் நூலையும் மட்டுமே வைத்துக்கொள்வேன். இந்தக் கேள்வியைப் படித்ததும் அந்தப் பழைய உருண்டையைப் பரணிலிருந்து இறக்கினேன். அதன் குறுக்களவு 30 சென்டிமீட்டர். எனவே சுற்றளவு 94 சென்டிமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் என்று கொண்டால், நூலில் ஒரு சென்டிமீட்டர் 425 கிலோமீட்டருக்குச் சமம். யெல்லோநைஃப் என் உருண்டையில் அச்சிடப்பட்டிருக்கிறது. இனுவிக் இல்லை, அதன் அட்சரேகை 68 பாகை 22 கலை வடக்கு, தீர்க்கரேகை 133 பாகை 43 கலை மேற்கு என்று கணக்கிட்டுப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். நூலின் ஒரு நுனியை நகத்தால் யெல்லோநைஃபில் அழுத்திப் பிடித்து, மறுநுனியை அந்தப் புள்ளிவரை தொய்வில்லாமல் இழுத்து, எஃகு அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது 2.6 சென்டிமீட்டர் வந்தது. 425-ஆல் பெருக்கினால் 1,105. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 42 கிலோமீட்டர் பிசகும் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் சுவர்ப்படம் காட்டிய 2,700-உடன் ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

இழுத்துப் பிடித்த நூல் உருண்டையின்மேல் எந்த வழியாகப் போகிறதோ அதுதான் குறைந்த தூரம். விமானத் தூரம் என்று எல்லோரும் சொல்வது அந்த நூலின் நீளத்தையே. தங்கள் பள்ளியில் உருண்டை இருந்தால், சென்னையிலிருந்து யெல்லோநைஃபுக்கும் நூலைப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் அட்லாண்டிக் பக்கமோ பசிபிக் பக்கமோ போகாமல் வடதுருவத்தின் பக்கமாக ஏறுவதைப் பிள்ளைகள் தம் கையாலேயே கண்டுபிடிப்பார்கள். அவர்கள் கண்டுபிடிக்கும் வரை தாங்கள் சொல்லிவிடாமல் இருப்பது நல்லது.

கேள்வி: இதே இரண்டு ஊர்களுக்கு ஒரு கணிப்பான் 685 மைல் என்கிறது, இன்னொன்று 595 மைல் என்கிறது. எது சரி? (தென்காசி வாசகர்)

பதில்: இரண்டும் சரி, மைல்தான் வேறு வேறு. தரையில் வழங்கும் மைல் 1.609 கிலோமீட்டர். நம் பெரியவர்கள் "பாபநாசம் இத்தனை மைல்" என்று சொன்னது அந்த மைலைத்தான். விமானிகளும் மாலுமிகளும் கணக்கிடுவது கடல்மைல், அது 1.852 கிலோமீட்டர். பூமியின் சுற்றில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்து அதில் ஒரு கலை எவ்வளவு நீளமோ அதையே ஒரு கடல்மைல் என்று முதலில் வைத்துக்கொண்டார்கள். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால் கலையின் நீளம் இடத்துக்கு இடம் சிறிது மாறும். அந்தத் தொல்லை வேண்டாம் என்று 1929-இல் மொனாக்கோவில் கூடிய கடலளவியல் மாநாட்டில் சரியாக 1,852 மீட்டர் என்று வரையறுத்துவிட்டார்கள். தங்களிடம் உள்ள 595-ஐ 1.852-ஆலும் 685-ஐ 1.609-ஆலும் பெருக்கிப் பாருங்கள். இரண்டும் 1,102 கிலோமீட்டரில் வந்து நிற்கும்.

கேள்வி: நான் இருபது வருஷமாக லாரி ஓட்டுகிறேன். இவ்வளவு சுற்றிப் போவதற்குப் பதிலாக ஆற்றோரமாகவே நேர்ச்சாலை போட்டால் என்ன? பனிக்கட்டிமேல் லாரி போகும் என்கிறார்களே, அது எப்படித் தாங்கும்? (சங்கரன்கோவில் வாசகர்)

பதில்: தங்கள் எண்ணம் அந்த ஊர்க்காரர்களுக்கும் பல ஆண்டுகளாக இருந்துவரும் எண்ணம்தான். மெக்கன்சி ஆற்றை ஒட்டி ரிக்லி என்னும் ஊர் வரை எல்லாக் காலத்துக்குமான சாலை இருக்கிறது. அதற்கு மேல் நார்மன் வெல்ஸ், ஃபோர்ட் குட் ஹோப் ஆகிய ஊர்களுக்குப் பனிக்காலத்தில் மட்டும் உறைந்த தரையையும் ஆற்றையும் இழைத்துத் தற்காலிகச் சாலை போடுகிறார்கள். வெயில் ஏறியதும் அது இல்லாமல் போய்விடுகிறது. ஃபோர்ட் குட் ஹோப்புக்கும் இனுவிக்குக்கும் இடையே அதுவும் இல்லை. அந்த இடைவெளி நிரம்பினால் இந்த 3,100 கிலோமீட்டர் பெருமளவு சுருங்கிவிடும்.

நிரப்புவது ஏன் கடினம் என்றால், அங்கே தரையே வேறு. நம் பக்கத்துக் கரிசலில் மழைக்காலத்தில் லாரிச் சக்கரம் இறங்கினால் என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரியும். அங்கே மேல்மண் மட்டும் கோடையில் சிறிது இளகும். அதற்குக் கீழே மண்ணும் நீரும் சேர்ந்து பல மீட்டர் ஆழத்துக்கு ஆண்டுக்கணக்காக உறைந்தே கிடக்கின்றன. சாலைக்காக மேலே உள்ள பாசியையும் புல்லையும் வழித்துவிட்டால் வெயில் உள்ளே இறங்கி, உறைந்த மண் உருகி, சாலையே சேறாகி அமிழ்ந்துவிடும். அதனால் டெம்ப்ஸ்டர் சாலையைப் போட்டபோது தரையைத் தோண்டாமல், அதன்மேல் 2.4 மீட்டர் வரை கனமாகச் சரளையைக் கொட்டி உயர்த்தினார்கள். அந்தச் சரளை மேடு பாரம் தாங்குவதோடு, கீழே இருக்கும் குளிரை வெளியே விடாமல் காக்கிறது. 1959-இல் தொடங்கிய வேலை, நடுவில் பல ஆண்டுகள் நின்று, 1979 ஆகஸ்டு 18 அன்றுதான் சாலையாகத் திறக்கப்பட்டது. 736 கிலோமீட்டருக்கு இருபது ஆண்டுகள்.

பனிக்கட்டியைப் பற்றிய கேள்விக்கு ஓர் ஓட்டுநருக்குச் சொல்வதைப்போலவே சொல்கிறேன். பனி தாங்கும் சுமை அதன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கனம் இரண்டு மடங்கானால் சுமை நான்கு மடங்காகும். ஆகவே காரைத் தாங்கும் பனிக்கும் பாரம் ஏற்றிய லாரியைத் தாங்கும் பனிக்கும் உள்ள வேறுபாடு நாம் நினைப்பதைவிடக் குறைவு: காருக்கு முப்பது சென்டிமீட்டர் அளவு என்றால், நாற்பது டன்னுக்கு ஒரு மீட்டர் அளவு. பனி போதுமான கனம் ஏறாவிட்டால் துளையிட்டு, அடியில் ஓடும் நீரையே பம்பு வைத்து மேலே பாய்ச்சி, உறையவிட்டு, மேலும் பாய்ச்சி, வரப்பு உயர்த்துவதுபோல் உயர்த்துகிறார்கள். வேகம் மட்டும் கூடாது. வண்டி போகும்போது பனித்தட்டு சிறிது வளைந்து, அடியில் உள்ள நீரில் ஓர் அலை எழுந்து வண்டியோடு கூடவே ஓடும். வேகமாகப் போனால் அந்த அலை வலுத்துக் கரை ஓரத்தில் பனியை உடைத்துவிடும். அதனால்தான் ஆள் இல்லாத வெட்டவெளியிலும் அங்கே வேகத்துக்கு எல்லை குறித்துப் பலகை வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: இனுவிக்குக்கும் வடக்கே சாலை உண்டா? (கடையம் வாசகர்)

பதில்: உண்டு. டுக்டோயாக்டுக் என்னும் கடற்கரை ஊருக்கு 2017 நவம்பர் 15 அன்று சாலை திறக்கப்பட்டது. நேர்கோட்டில் 124 கிலோமீட்டர், சாலையில் 138 கிலோமீட்டர். நெல்லைக்கும் திருச்செந்தூருக்கும் இடையே சாலை எந்த அளவுக்கு வளைகிறதோ ஏறத்தாழ அதே அளவு வளைவுதான். அதற்கு முன்பு பனிக்காலத்தில் உறைந்த மெக்கன்சி ஆற்றின் கிளைகள்மேலும் கடலின்மேலும் 190 கிலோமீட்டர் அளவு சுற்றிப் போனார்கள். கோடையில் விமானமோ படகோதான். புதிய சாலையைப் பெரும்பாலும் கடுங்குளிர் மாதங்களிலேயே போட்டார்கள், உறைந்த தரை கலைந்துவிடக் கூடாது என்பதற்காக. மேற்சொன்ன கல்லிடைக்குறிச்சி அம்மாவின் மகள் காலையில் காரில் புறப்பட்டால் மதியத்துக்குள் ஆர்க்டிக் பெருங்கடலில் கால் நனைத்துவிடலாம். திருச்செந்தூரில் போலவே அந்த ஊரிலும் சாலை கடற்கரையில் போய் முடிந்துவிடுகிறது.